தண்ணீரில் மூழ்கிய ஐஸ்

சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் வேலைக்கால அனுபவம் ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். எங்கள் குளிர்பதன மெக்கானிக்குகள் சங்கத்தில் எனக்கு மூத்தவர்கள் இப்போது இரண்டே பேர். ஒருவருக்குக் கண் தெரியாது. இன்னொருவருக்கு எல்லாம் தெரியும், எழுதத்தான் மாட்டார். ஆகவே என் தலையில் விழுந்தது. நான் எழுதப்போவது மார்தட்டிக்கொள்கிற கதை இல்லை என்று முன்கூட்டியே சொன்னேன். பரவாயில்லை, நாலு பக்கம் வந்தால் போதும் என்றார்.

போன மாதம் நடந்த கூட்டம்தான் என்னை எழுத உட்கார வைத்தது. கோலாலம்பூரிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். மின்சாரத்துக்குக் கிராக்கி இல்லாத நேரத்தில் இயந்திரத்தை ஓட்டிக் குளிரைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கிராக்கியான நேரத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அந்தக் குளிரை எடுத்துச் செலவழிப்பது பற்றிப் பேசினார். அது ஒன்றும் புதிதல்ல, ஐஸ் கட்டி வைத்து நாங்களும் செய்ததுதான். ஆனால் அவர் காட்டியது சாதாரண ஐஸ் இல்லை. குளிர்பதன வாயுவையும் தண்ணீரையும் ஒன்றாகக் குளிரவைத்தால், தண்ணீர் சின்னச் சின்னக் கூடுகளாக உறைந்து, ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அதற்கு ஹைட்ரேட் என்று பெயர். எங்கள் பழைய ஃபாரன்ஹீட் கணக்கில் தண்ணீர் உறைய முப்பத்திரண்டு டிகிரி வேண்டும். இதற்கு நாற்பதே போதும். அவ்வளவு கீழே இறங்க வேண்டாம் என்பதால் இயந்திரத்துக்கும் பாரம் குறைவு. கண்ணாடிக் குழாயில் வெள்ளையாகக் கொஞ்சம் வைத்துக் காட்டினார். எல்லோரும் எழுந்து போய்ப் பார்த்தார்கள். நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. அந்த வெள்ளையை, மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா வருடத்தில், மலாக்காவின் காஜா பெராங்கில் நான் கையால் அள்ளியிருக்கிறேன். அதற்கு ஒரு பெயர் உண்டு என்று அன்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. பெயர் தெரியாததால் ஒரு நல்ல மனிதரின் வேலைக்கு நானே உலை வைத்தேன்.

நான் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பெயர் ராமையா. அப்பா பால் வெட்டினார். என்னை அவர் எப்படியோ இங்கிலீஷ் பள்ளியில் ஏழாவது வரை படிக்க வைத்துவிட்டார். பிறகு சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் மூன்று வருடம் வேலை பழகினேன். குழாயை வளைப்பது, பற்றவைப்பது, வாயு நிரப்புவது, கசிவு பார்ப்பது எல்லாம் அங்கே கற்றதுதான். கை நிறையத் தழும்பும், சான்றிதழ் ஒன்றும், அந்தச் சான்றிதழைவிடப் பெரிய தலைக்கனமும் கொண்டு மலாக்காவுக்கு வந்து சேர்ந்தேன்.

காஜா பெராங்கில் இருந்த அந்தக் கம்பெனிக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் பழைய ஐஸ் ஆலை. அது அமோனியாவில் ஓடியது. கசிந்தால் தெருவே கண்ணைக் கசக்கும். அடுத்த பக்கம் புதிதாகக் கட்டிய நான்கு குளிர் அறைகள். இறைச்சி, வெண்ணெய், பழம் வைக்க வியாபாரிகள் அவற்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இந்தப் பக்கத்து இயந்திரத்துக்கு எஃப்-12 என்கிற வாயு. அதற்கு வாசனை கிடையாது, கண் எரியாது. நாகரிகமான வாயு என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

அப்போது ஊரில் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் மின்சாரம் போதாது. ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை பெரிய இயந்திரங்களை நிறுத்திவைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்காகத்தான் குளிர் அறைகளின் பின்னால் ஒரு பெரிய தொட்டி இருந்தது. பலகை மூடி போட்ட, ஆள் உயரத் தொட்டி. தண்ணீருக்குள் செம்புக் குழாய்கள் சுருள் சுருளாகக் கிடக்கும். பகலெல்லாம் இயந்திரம் ஓடும்போது அந்தக் குழாய்களின் மேல் ஐஸ் கட்டும். சாயங்காலம் இயந்திரம் நின்றதும், அந்த ஐஸ் தண்ணீரைப் பம்பு அறைகளுக்குச் சுற்றிவிடும். பகலில் சேர்த்த குளிரில் அறைகள் நாலு மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் துரைசாமி பிள்ளை. ஆலையில் எல்லோருக்கும் அவர் பிள்ளை அண்ணன். அங்கிருந்து பத்து நிமிட நடையில், மலாக்காச் செட்டிகள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் செட்டிக் கம்பத்துக்காரர். இருபது வருடம் அமோனியா பக்கம் வேலை பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. ஆனால் அவருடைய பேச்சு மலாய், அதுவும் அவர்கள் வீட்டு மலாய். தமிழில் சோறு, கோயில், அண்ணன், அக்கா என்று சில சொற்கள் தெரியும், அவ்வளவுதான். தோட்டத்திலிருந்து வந்த எங்களுக்கு அது ஒரு வேடிக்கை. பட்டை போட்ட மலாய்க்காரர் என்று கேலி செய்வோம். கேலி செய்தவர்களில் நானும் உண்டு, நான்தான் அதிகம் செய்தேன். அவர் காது கேட்காதவர்போல் தன் வேலையைப் பார்ப்பார்.

மணிக்கு ஒரு தடவை தொட்டியின் சூட்டையும் நான்கு அறைகளின் சூட்டையும் பார்த்துத் தாளில் எழுதுவது அவர் வேலை. சுவரில் வட்ட டயல்கள் இருந்தன, அதைப் பார்த்து எழுதினால் போதும். அவர் அதோடு விடமாட்டார். பழைய ஆலையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி வெப்பமானி ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கி, நூறு எண்ணிவிட்டுத் தூக்கிப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் எழுதுவார்.

எங்களுக்கு மேலே சூப்பர்வைசர் செல்லத்துரை. யாழ்ப்பாணத்துக்காரர், செமாபோக்கில் குடியிருந்தார். வெள்ளை அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, சட்டைப் பையில் இரண்டு பென்சில். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாராவது ஓடிவந்து இன்னது கெட்டுவிட்டது என்று சொன்னால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கண்டனீரோ, நினைச்சனீரோ?" என்று கேட்பார். கண்டேன் என்றால் எழுதிக்கொள்வார். நினைத்தேன் என்றால் போய்க் கண்டுவிட்டு வரச் சொல்வார். அந்தக் கேள்விக்குப் பயந்தே நாங்கள் எதையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் அறைக்குள் போவோம். என் வேலைக்காலம் முழுவதும் எனக்குப் பயன்பட்ட பழக்கம் அதுதான். ஒரே ஒரு தடவை அதுவே என்னைக் கவிழ்த்தது.

மெர்டேக்காவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எங்கள் வாயு குறைய ஆரம்பித்தது. சிலிண்டரிலிருந்து நிரப்புவேன், இரண்டு வாரத்தில் மறுபடி இயந்திரம் மூச்சு வாங்கும். கசிவு இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு விளக்கு உண்டு. நீல நிறத்தில் எரியும். அதில் ஒரு செம்புத் தகடு, பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய். குழாயின் நுனியை ஒவ்வொரு இணைப்பாகக் கொண்டுபோக வேண்டும். வாயு கசிகிற இடத்தில் சுடர் பச்சையாகிவிடும். செல்லத்துரையும் நானும் இரண்டு நாள் முட்டிபோட்டு ஒவ்வொரு இணைப்பையும் பார்த்தோம். சுடர் நீலம் மாறவே இல்லை. வாயு எங்கே போகிறது என்று எங்களுக்கு விளங்கவில்லை. தண்ணீருக்குள் முழுகிக் கிடந்த சுருளை மட்டும் நாங்கள் பார்க்கவில்லை. அங்கே கசிந்தால் குமிழி வருமே, தெரியாமலா போகும் என்று விட்டுவிட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் தொட்டியின் டயல் முப்பத்தொன்பது காட்டத் தொடங்கியது. எப்போதும் முப்பத்திரண்டு, முப்பத்துமூன்றில் நிற்கும். மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று ஐஸ் கிடந்தது, வழக்கத்தைவிட அதிகமாகவே. ஐஸ் இருக்கிற தண்ணீர் எப்படி முப்பத்தொன்பது இருக்கும்? டயல்தான் தவறு என்று முடிவுகட்டினேன்.

டயலைச் சோதிக்க முறை உண்டு. நொறுக்கிய ஐஸை ஒரு குவளையில் நெருக்கமாக நிரப்பி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வெப்பமானியின் முனையை அதில் புதைத்துக் காத்திருக்க வேண்டும். முப்பத்திரண்டு காட்டினால் சரி. இல்லாவிட்டால் டயலின் திருகைத் திருப்பி முப்பத்திரண்டுக்குக் கொண்டுவர வேண்டும். நல்ல ஐஸுக்கு நான் முற்றத்தைத் தாண்டி அமோனியா பக்கம் போயிருக்க வேண்டும். மெர்டேக்கா நெருங்க நெருங்க அங்கே ஐஸுக்குத் தள்ளுமுள்ளு. ஒரு துண்டு கேட்டாலும் அந்தப் பக்கத்து மேஸ்திரி முகம் சுளிப்பார். ஐஸ் ஐஸ்தானே என்று தொட்டியிலிருந்தே ஒரு எனாமல் குவளை நிறைய அள்ளினேன். தேங்காய்த் துருவல் மாதிரி இருந்தது. தண்ணீர் ஊற்றியதும் சோடா மாதிரிப் பொங்கியது. காற்று ஏறிய ஐஸ் என்று நினைத்துக்கொண்டேன்.

தொட்டி டயல் அதில் முப்பத்தொன்பது காட்டியது. சந்தேகத்துக்கு அறை டயல்களையும் கழற்றிக் கொண்டுவந்து வைத்தேன். நான்கும் முப்பத்தொன்பது. ஐந்து டயலும் ஒன்றுபோல ஏழு டிகிரி பிசகுமா என்று ஒரு கணம் உறுத்தியது. ஒரே பெட்டியில் வந்த சரக்கு, ஒரே கோளாறு என்று சமாதானம் செய்துகொண்டு ஐந்தையும் திருகி முப்பத்திரண்டில் வைத்தேன். செல்லத்துரையிடம் போய்ச் சொன்னேன். வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஐஸில் வைத்து என் கண்ணால் கண்டேன் என்றேன். பொய்யில்லை. எந்த ஐஸ் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து டயல் முப்பத்தாறு காட்டினால் அறை உண்மையில் நாற்பத்துமூன்றில் இருந்தது. அது யாருக்கும் தெரியாது, பிள்ளை அண்ணனைத் தவிர.

மறுநாளே அவர் என்னிடம் வந்தார். அவருடைய கண்ணாடி வெப்பமானி டயலோடு ஒத்துப்போகவில்லை. நான் அதை வாங்கி என் குவளையில் வைத்தேன். அதுவும் முப்பத்தொன்பது காட்டியது. உங்களுடையதும் கெட்டுவிட்டது, வயசாகிவிட்டது என்று நான்கு பேர் முன்னால் சொன்னேன். நான்கு பேரும் சிரித்தார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். நீண்ட பிடிபோட்ட சிரட்டையால் தொட்டியின் அடியிலிருந்து அள்ளிய ஐஸைக் கையில் ஏந்திக்கொண்டு, "ஆயர் பாத்து நி தெங்கெலாம்" என்றார். இந்த ஐஸ் முழுகுது என்று அர்த்தம். ஐஸ் மிதக்கும் அண்ணே, சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்றேன். மூன்றாவது தடவை வந்தபோது நான் தலையே தூக்கவில்லை. டயலில் இருப்பதை எழுதுங்கள், எனக்கு வேலை இருக்கிறது என்றேன்.

அவர் டயலில் இருந்ததை எழுதினார். பக்கத்திலேயே ஓரத்தில் பென்சிலால் தன் கண்ணாடி காட்டியதையும் எழுதினார். பன்னிரண்டு நாள் அப்படி எழுதியிருக்கிறார். அந்தத் தாள்கள் மாதக் கடைசியில்தான் மேலே போகும். அதுவரை கொக்கியில் தொங்கும், யாரும் புரட்டுவதில்லை.

எனக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குப் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தார். அவர் போனால் செல்லத்துரை மேலே போவார், செல்லத்துரையின் நாற்காலி காலியாகும். அது உள்ளூர்க்காரனுக்குத்தான் என்று பேச்சு. என் பெயர் அடிபட்டது. தோட்டத்துப் பிள்ளை ஒருவன் அந்த அறையில் மேசை போட்டு உட்காருவது அதுவரை நடந்ததில்லை. நான் நடக்கும்போதே நாற்காலியில் உட்கார்ந்தவன்போல் நடந்துகொண்டிருந்தேன்.

மெர்டேக்கா விருந்துகளுக்கென்று வியாபாரிகள் இறைச்சியும் கோழியும் கொண்டுவந்து அடைத்தார்கள். நான்கு அறையும் கூரைவரை நிரம்பியது. விருந்துக்கு ஒரு வாரம் இருக்கையில், ஒரு சனிக்கிழமை காலை இரண்டாம் அறையைத் திறந்த வியாபாரி மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். மதியத்துக்குள் மற்ற அறைகளும் அதே கதை. லாரி லாரியாக ஏற்றிக் குழி தோண்டிப் புதைத்தார்கள். வாசலில் வியாபாரிகள் கூடி நின்று சத்தம் போட்டதை இன்றைக்கும் என் காது மறக்கவில்லை.

செல்லத்துரை உதிரிப்பாகம் வாங்கச் சிங்கப்பூர் போயிருந்தார். மேனேஜர் திங்கட்கிழமை தானே விசாரணை வைத்தார். கொக்கியிலிருந்த தாள்களைப் புரட்டியதும் பென்சில் எண்கள் கண்ணில் பட்டன. பன்னிரண்டு நாளாக இந்த ஆளுக்குச் சூடு ஏறுவது தெரிந்திருக்கிறது, தெரிந்தும் மறைத்திருக்கிறார் என்று ஆகிவிட்டது. பிள்ளை அண்ணனை உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் பெயரைச் சொல்வார், என்னைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. கதவு இரண்டடியில் இருந்தது. எழுந்து போய்த் தட்டியிருக்கலாம். நான் தட்டவில்லை. இதற்கு எந்தச் சால்ஜாப்பும் என்னிடம் இல்லை, பயம்தான்.

அரை மணி நேரத்தில் அவர் வெளியே வந்தார். முடிவு தெரியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என்னைக் கடந்து போகும்போது நின்று, கயிறு சுற்றிய அந்தக் கண்ணாடி வெப்பமானியை என் பக்கத்தில் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். 

செவ்வாய்க்கிழமை காலை நான் தொட்டியின் மூடியைத் திறந்தேன். சிரட்டையை அடிவரை விட்டு ஒரு அள்ளு அள்ளி, தீயணைக்க வைத்திருந்த வாளித் தண்ணீரில் போட்டேன். முழுகியது. கல் மாதிரி நேரே கீழே போய், அடியில் உட்கார்ந்து, அங்கிருந்து சரம் சரமாகக் குமிழி விட்டது.  முற்றத்தைத் தாண்டி ஓடி அமோனியா பக்கத்து ஐஸ் ஒரு துண்டு கொண்டுவந்து அதே வாளியில் போட்டேன். அது மிதந்தது. ஒரு வாளியில் ஒன்று மேலே, ஒன்று கீழே.

கசிவு விளக்கை ஏற்றினேன். சுடர் நீலமாக நின்றது. ரப்பர் குழாயின் நுனியை வாளிக்கு மேலே, குமிழி வெடிக்கிற இடத்தில் பிடித்தேன். பச்சை. இலைப் பச்சை. இரண்டு மாதமாக ஆலையெல்லாம் தேடிய வாயு அங்கே இருந்தது. சுருளில் எங்கோ ஊசித்துளை. அதில் கசிந்த வாயு குமிழியாக மேலே வராமல், குளிர்ந்த தண்ணீரோடு சேர்ந்து உறைந்து அடியில் படிந்திருக்கிறது. அதற்கு முப்பத்திரண்டு தேவையில்லை, முப்பத்தொன்பதே போதும். டயல்கள் ஐந்தும் சரியாகத்தான் காட்டியிருக்கின்றன. கண்ணாடி வெப்பமானியும் சரி. நான்தான் ஐந்து டயலுக்கும் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

பத்து மணிக்குச் செல்லத்துரை வந்தார். வாளியையும் விளக்கையும் அவர் அறையில் அவருக்கு முன்னால் வைத்து மறுபடி செய்து காட்டினேன். அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, கையை வாளிக்குள் விட்டு அந்த வெள்ளையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அது சிறு சத்தத்தோடு கரைந்து போகும்வரை பார்த்தார். இந்த வயதில் இப்படி ஒன்றைக் காண்கிறேனே என்று மெதுவாகச் சொன்னார். தொட்டியிலிருந்து ஐஸ் எடுத்துச் சோதித்தது என் பிசகு என்றேன். அது பிசகுதான், ஆனால் இப்படி ஒரு ஐஸ் இருக்கும் என்று தானும் அறியேன் என்றார். எனக்கு உயிர் வந்தது. இது இயற்கையின் விளையாட்டு, பிள்ளை அண்ணன் திரும்பி வந்துவிடுவார், நாற்காலியும் தப்பும் என்று கணக்குப் போட்டேன். அவர் என்னிடம் மூன்று தடவை வந்து சொன்னதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

பிள்ளை அண்ணனை எப்போது திரும்பக் கூப்பிடலாம் என்று கேட்டேன். செல்லத்துரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அது வேற கதை. அந்த மனுசன்ர கண்ணாடி சரியாத்தான் காட்டியிருக்கு. காட்டினதை ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை? அதுதான் அவர்மேல குற்றம். இந்தாரும், வாசியும்."

மேசையிலிருந்த விசாரணைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். டைப் அடித்த கேள்விகள், கீழே பதில்கள். சூடு ஏறியதைக் கண்டீரா? கண்டேன். யாரிடமாவது சொன்னீரா? அதற்குக் கீழே ஒரே சொல்லில் பதில் இருந்தது. இல்லை. கடைசியில் பிள்ளை அண்ணனின் கையெழுத்து.

நான் அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மணிக்கொரு தடவை கயிறு இறக்கி, நூறு எண்ணி, அரை டிகிரி பிசகினாலும் எழுத மனம் வராத மனிதர். இருபது வருடத் தாள்களில் அவர் எழுதாத பொய்யை இந்தத் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். கதவுக்கு வெளியே நான் என் பெயர் வருமா வருமா என்று நடுங்கிக்கொண்டிருந்தபோது, உள்ளே அவர் அந்தப் பெயரை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. மேலதிகாரி முன்னால் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

"சொன்னாரு சார்" என்றேன். "எங்கிட்ட சொன்னாரு. மூணு தடவ வந்து சொன்னாரு. ஐஸ் முழுகுதுன்னு கையில எடுத்துட்டு வந்து காட்டுனாரு. நான்தான் விரட்டிட்டேன்."

செல்லத்துரை மூக்குக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பையிலிருந்த பென்சில்களில் ஒன்றை எடுத்து என் முன் வைத்தார்.

"எழுதும். அந்த நாற்காலிக்கு உம்மட பேரை நான்தான் குடுத்தனான், அதையும் நினைச்சுக்கொண்டு எழுதும்."

எழுதினேன். மூன்று நாளும் மூன்று பேச்சும், சிரித்த நான்கு பேரின் பெயரைத் தவிர மற்ற எல்லாம் எழுதினேன். மேனேஜரின் அறைக்கு அவரே அதை எடுத்துக்கொண்டு போனார். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளை அண்ணன் அடுத்த நாளே வரலாம். எனக்கு எச்சரிக்கைக் கடிதம், ஒரு வருடத்துக்கு உயர்வு கிடையாது. நாற்காலிக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒருவரை வரவழைக்கப் போகிறார்கள் என்று குமாஸ்தா காதோடு சொன்னார்.

சாயங்காலம் நான் செட்டிக் கம்பத்துக்குப் போனேன். அத்தனை வருடம் பக்கத்திலேயே வேலை பார்த்தும் அதுவரை அவர் வீட்டு வாசலை மிதித்ததில்லை. நிலையில் மாவிலை கட்டியிருந்தது. மலாய்ப் பெண்கள்போல் கெபாயா உடுத்திய அவருடைய மனைவி, யார் என்ன என்று கேட்காமலே உட்காரச் சொல்லி, காப்பியும் ஒரு தட்டில் குவே பலகாரமும் கொண்டுவந்து வைத்தார். உள்ளே சாமி படத்துக்கு முன் விளக்கு எரிந்தது. பிள்ளை அண்ணன் அப்போதுதான் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்தார்.

நாளைக்கு வேலைக்கு வரலாம் என்று சொன்னேன். ஐஸ் முழுகியதைச் சொன்னேன், சுடர் பச்சையானதைச் சொன்னேன். அதற்கெல்லாம் தலையாட்டினார். முழுகுவதைத் தான் முதலிலேயே பார்த்தவர் என்பதால் அவருக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பிறகு, என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று மலாயில் கேட்டேன். அவர் காப்பியைக் கையிலெடுத்து ஆற்றிக்கொண்டே, ஏதோ நேரம் என்ன என்று கேட்டவனுக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"பியார் ஓராங் கித்தா டுடோக் சித்து."

நம்ம ஆள் ஒருத்தன் அங்கே உட்காரட்டும் என்று அர்த்தம்.

நம்ம ஆள். தமிழ் பேசத் தெரியாதவர் என்பதால் நான் ஒரு நாளும் அவரை நம்ம ஆளாக நினைத்ததில்லை.  இனி மறைக்க எதுவுமில்லை என்று, நான் எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன். என்னிடம் அவர் மூன்று தடவை சொன்னார் என்று எழுதிவிட்டேன், கடிதம் கொடுத்துவிட்டார்கள், நாற்காலி வேறு ஆளுக்குப் போகிறது என்றேன்.

பிள்ளை அண்ணன் காப்பியைக் கீழே வைத்தார். அவர் முகம் கறுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். தனக்கு ஐஸ் வண்டி தள்ளவும் தெரியும், கிளேபாங் கடற்கரையில் மீன் ஏற்றவும் தெரியும், எங்கேயாவது ஒரு வேலை கிடைத்திருக்கும் என்றார். அந்த நாற்காலி இனி எப்போது வரும், எவன் கொண்டுவந்து தருவான் என்று கேட்டார். கேட்கக் கேட்கக் குரல் ஏறியது. உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.

"லூ மெமாங் போடோ" என்றார் கடைசியில். நீ சுத்த முட்டாள்.

அவரைக் கேலி செய்தேன், அவர் சொன்னதைக் கேட்காமல் விரட்டினேன், அவரை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். அதற்கெல்லாம் அவர் என்மேல் கோபப்படவில்லை. உண்மையைச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு, வேலைக்குத் திரும்பிய பிறகும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.